சுருண்டு படு என்று சொல்லும் ஓலை

நோய் கண்ட கோழியைப் பார்த்திருப்பீர்கள். நேற்றுவரை முற்றத்தைக் கிளறிக்கொண்டு திரிந்தது, இன்று வேலியோரம் இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, அரைக்கண் மூடி நிற்கும். கம்பை இறைத்தால் மற்றக் கோழிகள் பறந்து வரும், அது மட்டும் அசையாது. "கோழி தூங்குது" என்பார்கள் வீட்டில். பூனையாக இருந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிடும். மனிதர் போர்வையை இழுத்து மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், விளக்கையும் அணைத்துவிடு என்பார்.

கோழிக்கும் பூனைக்கும் நமக்கும் இதை ஒரே மாதிரி கற்றுக்கொடுத்தது கிருமி அல்ல. உடம்பு தன் மூளைக்குத் தானே எழுதி அனுப்பும் ஓலை அது. அதைச் சுமந்து செல்பவை சைட்டோகைன்கள், அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் சின்னஞ்சிறு புரதங்கள். கொரோனா காலத்தில் "சைட்டோகைன் புயல்" என்று தொலைக்காட்சியில் அடிபட்ட அதே பெயர்தான். ஆனால் இந்தப் பெயர் கிடைப்பதற்கு முன்பு அந்த ஓலை அறுவைக்கூடம், ஊசி மருந்துப் புட்டி, முயல் கூண்டு என்று நெடுந்தூரம் அலைந்திருக்கிறது. கடைசியாக அது வந்து சேர்ந்த இடம் முதுமை. வயதான உயிரிடம் இந்த ஓலை ஏன் இத்தனை நாள் தங்கிவிடுகிறது என்பதைச் சொல்லத்தான் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர் இருந்தார். எலும்புப் புற்றுநோய் வந்த ஓர் இளம்பெண்ணை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருத்தத்தில் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்துக் கட்டியைப் பலமுறை அறுத்தும் பலனில்லாத ஒரு நோயாளிக்கு, தோலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று பரவிக் கடும் காய்ச்சல் கண்டிருந்தது. காய்ச்சல் விட்டபோது கட்டியும் கரைந்துபோயிருந்தது. கோலி அந்த ஆளைத் தேடி ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கண்டுபிடித்தும் விட்டார். ஆள் நலமாக இருந்தார். 1891-இல் கோலி தாமே புற்றுநோயாளிகளுக்குக் கிருமிகளை ஊசியில் ஏற்றத் தொடங்கினார். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. கதிர்வீச்சு சிகிச்சை வந்ததும் அவருடைய மருந்து ஓரங்கட்டப்பட்டது. ஆனால் அவர் கிளப்பிய கேள்வி ஓரம் போகவில்லை: கட்டியைக் கரைத்தது கிருமியா, கிருமிக்கு உடம்பு சொன்ன பதிலா?

அதற்கு அடுத்த ஆண்டு பெர்லினில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஃபைஃபர் காலராக் கிருமிகளைச் சூட்டில் கொன்றுவிட்டு கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். செத்த கிருமியும் கொன்றது. கிருமியின் உடலோடு ஒட்டியிருக்கும் இந்த நஞ்சுக்கு எண்டோடாக்சின் என்று பெயர் வந்தது. உயிருள்ள கிருமி எதுவுமே இல்லாமல் ஒரு விலங்கை நோயாளியாக்க ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு வழி கிடைத்தது. நூறு ஆண்டு கழித்தும் ஆய்வகங்கள் இதையேதான் பயன்படுத்துகின்றன.

இதே எண்டோடாக்சின் ஒரு பெரிய குழப்பத்தையும் கூட்டிவந்தது. அந்நாளில் ஊசி போட்டாலே சிலருக்குக் குளிர்காய்ச்சல் வரும். மருந்தில் குறை என்றார்கள், நோயாளியின் உடல்வாகு என்றார்கள். ஃபுளோரன்ஸ் சீபர்ட் என்ற இளம் வேதியியலாளர்தான் விடாமல் துருவினார். குற்றவாளி காய்ச்சி வடித்த தண்ணீர்! கொதிக்கும்போது தெறித்த துளிகளோடு கிருமியின் எச்சம் வடிநீர்க் குடுவைக்குள் போய்க்கொண்டிருந்தது. 1923-இல் இதை வெளியிட்டார். துளிகளைத் தடுக்கும்படி வடிகலத்தையும் மாற்றி அமைத்தார். இன்று நரம்பில் ஏற்றும் ஒவ்வொரு குளுக்கோஸ் பாட்டிலும் எண்டோடாக்சின் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது.

சீபர்டின் பாடத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. 1940-களில் வேலி மென்கின் என்பவர், அழற்சி கண்ட திசுவிலிருந்து காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்துவிட்டதாக அறிவித்து அதற்குப் பைரெக்சின் என்று பெயரும் சூட்டினார். பிற்பாடு பார்த்தால் அதில் இருந்தது எண்டோடாக்சின் கலப்படம். 1948-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பால் பீசன்தான் சரியான பொருளைத் தொட்டார். கலப்படம் புகாதபடி மிகுந்த கவனத்தோடு முயலின் வெள்ளையணுக்களிலிருந்து எடுத்த சாறு மற்ற முயல்களுக்குக் காய்ச்சலைத் தந்தது. காய்ச்சல் வெளியிலிருந்து வருவதல்ல, உடம்பே காய்ச்சும் சரக்கு அது என்பதற்கு முதல் நல்ல சான்று இது.

ஆனாலும் நம்பியவர்கள் குறைவு. சார்ல்ஸ் டினரெல்லோ ஆண்டுக்கணக்கில் மனித வெள்ளையணுக்களோடு மல்லுக்கட்டி 1977-இல் அந்தப் பொருளைச் சுத்தமாகப் பிரித்தார். கண்ணுக்கே தெரியாத நானோகிராம் அளவு போதும், முயலுக்குக் காய்ச்சல் ஏறியது. இத்தனை சிறிய பொருளா இத்தனை பெரிய வேலையைச் செய்கிறது என்று பலர் கேட்டார்கள்.

இதற்கிடையில் வேறு வேறு ஊர்களில் வேறு வேறு ஆட்கள் இதே பொருளை வேறு வேறு வாசல் வழியாக வந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலைப் பார்த்தவர் இதைக் காய்ச்சலூட்டி என்றார். லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுவைப் பார்த்தவர் லிம்ஃபோசைட் ஊக்கி என்றார். இங்கிலாந்தில் குருத்தெலும்பு அரிப்பதைப் பார்த்தவர்கள் கேட்டபோலின் என்றார்கள். ஒரே ஆளை ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் அழைத்த கதைதான். 1979-இல் சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள எர்மாட்டிங்கன் என்ற சிற்றூரில் ஆய்வாளர்கள் கூடி, வெள்ளையணுக்களுக்கு இடையே தூது போவதால் இன்டர்லூகின் என்று அழைப்போம் என முடிவெடுத்தார்கள். நம் காய்ச்சல் சரக்குக்கு இன்டர்லூகின்-1 என்ற பெயர் கிடைத்தது.

கோலியின் கேள்விக்கும் விடை வந்தது. 1975-இல் அதே நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு, எண்டோடாக்சின் ஏற்றிய சுண்டெலிகளின் இரத்தத்தில் கட்டியை அழுகவைக்கும் பொருளைக் கண்டது. அதற்கு டி.என்.எஃப். என்று பெயர். பத்தாண்டு கழித்து ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், ஒட்டுண்ணி தொற்றிய விலங்குகள் எலும்பும் தோலுமாக மெலிவது ஏன் என்று தேடிக்கொண்டிருந்த ஆந்தனி செராமியும் ப்ரூஸ் பாய்ட்லரும் காக்கெக்டின் என்ற புரதத்தைப் பிடித்தார்கள். ஒப்பிட்டால், அதுவும் டி.என்.எஃப்.தான்.

இதுவரை எல்லாரும் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலங்கு என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். என் மனதுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

யேல் பல்கலைக்கழக உளவியலாளர் நீல் மில்லர் எலிகளுக்கு எண்டோடாக்சின் கொடுத்துப் பார்த்தார். நெம்புகோலை அழுத்தினால் தண்ணீர் வரும் என்று பழகிய எலிகள், ஊசிக்குப் பிறகு அழுத்துவதை விட்டுவிட்டன. உடம்பில் தெம்பில்லை, அதனால்தான் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். மில்லர் அத்தோடு விடவில்லை. அதே எலிகளைச் சுழலும் உருளைக்குள் விட்டார். அங்கே நெம்புகோலை அழுத்தினால் உருளை நின்று ஓய்வு கிடைக்கும். நோயுற்ற எலிகள் முன்னைவிட அதிகமாக அழுத்தின! கையில் பலம் இருந்தது, மனம்தான் வேறொன்றைக் கேட்டது. நோய் உயிரைப் பலவீனமாக்குவது மட்டுமில்லை, அதன் விருப்பங்களின் வரிசையையே மாற்றி அடுக்குகிறது. 1964-இல் வெளியான இந்தச் சோதனையை நெடுநாள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த சாட்சி பாலைவனப் பல்லியினத்தைச் சேர்ந்த இகுவானா. தானாக உடல் சூட்டை ஏற்றத் தெரியாத ஊர்வன. மிச்சிகனில் மாத்யூ க்ளூகர் 1970-களில் அவற்றுக்குக் கிருமியை ஏற்றினார். அவை தாமே நகர்ந்து சூடான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டன. குளிர்ந்த இடத்தில் அடைத்து வைத்தவை அதிகம் செத்தன, சூட்டில் இருந்தவை பிழைத்தன. காய்ச்சல் உடம்பின் கோளாறு அல்ல, வேண்டிச் செய்யும் காரியம் என்பதைப் பல்லி சொல்லிக் கொடுத்தது. 1988-இல் கலிஃபோர்னியாவின் கால்நடை மருத்துவப் பேராசிரியர் பெஞ்சமின் ஹார்ட் இதை முழுமையாக்கினார்: தூங்கி வழிவதும் தீனி மறுப்பதும் தன்னை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவதும், கிருமியோடு போரிடும் நேரத்தில் உடம்பு செய்யும் சிக்கனம். "லங்கணம் பரம ஔஷதம்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அளவோடுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் சொன்னவர்கள் நோயாளியை நன்றாகக் கவனித்தவர்கள்.

பிரான்சின் போர்தோ நகரில் ராபர்ட் டான்சரும் அவரோடு சேர்ந்தவர்களும் மூலக்கூறு, நடத்தை என்ற இந்த இரண்டு ஓடைகளையும் இணைத்தார்கள். இன்டர்லூகின்-1-ஐ மட்டும் கொடுத்தாலே எலி பழகாது, தின்னாது, மூலையில் ஒடுங்கும். கிருமியே தேவையில்லை! அவர்கள் செய்ததில் தாய்ச் சுண்டெலிச் சோதனை ஒன்றை மறக்க முடியாது. எண்டோடாக்சின் ஏற்றிய தாய், சாதாரண அறை வெப்பத்தில் கூடு கட்டுவதைக் கைவிட்டது. அறையை 6 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். ரோமம் முளைக்காத குஞ்சுகள் விறைத்துச் சாகும் குளிர். நோயோடு கிடந்த அந்தத் தாய் எழுந்து பஞ்சை வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து கூடு கட்டியது. ஓலை படு என்று சொல்லும், ஆனால் அதைவிட அவசரமானது ஒன்று வந்தால் வழிவிடும்.

இரத்தத்தில் ஓடும் இந்தப் பெரிய மூலக்கூறு, காவல் மிகுந்த மூளைக்குள் எப்படி நுழைகிறது? ஒரு வழி, மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரே செய்தியைக் கேட்டு உள்பக்கம் ப்ராஸ்டாகிளாண்டினைச் சுரப்பது. ஆஸ்பிரின் காய்ச்சலைத் தணிப்பது இந்த இடத்தைத் தடுத்துத்தான். இன்னொரு வழி, வயிற்றிலிருந்து மூளைக்கு ஏறும் வேகஸ் நரம்பு. 1990-களின் நடுவில் போர்தோ குழுவும், கொலராடோவில் லிண்டா வாட்கின்ஸ், ஸ்டீவன் மேயர் ஆகியோரும் வயிற்றுப் பகுதியில் அந்த நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். நோயின் பல நடத்தைகள் அடங்கிப்போயின. தந்திக்கம்பியை வெட்டிவிட்டால் தந்தி போகாதல்லவா?

மனிதருக்கும் இது பொருந்தும் என்பதை மிக வேதனையான முறையில் காட்டியது இன்டர்ஃபெரான். 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மானும் கண்டுபிடித்த வைரஸ் எதிர்ப்புப் புரதம். பின்லாந்தில் காரி கான்டெல் தானம் பெற்ற இரத்தத்தின் வெள்ளையணுக்களிலிருந்து அதைத் திரட்டி உலகுக்கே அனுப்பினார். பிறகு மஞ்சள்காமாலைக் கிருமிக்கும் தோல் புற்றுக்கும் அது மருந்தானது. மருந்து வேலை செய்யச் செய்ய, வாழ்வில் ஒருநாளும் மனச்சோர்வு அறியாதவர்கள் அழத் தொடங்கினார்கள். 2001-இல் அமெரிக்காவில் 40 தோல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இன்டர்ஃபெரானோடு வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 45 விழுக்காட்டினர் மனச்சோர்வில் விழுந்தார்கள். முன்கூட்டியே மனச்சோர்வு மருந்து தொடங்கியவர்களில் அது 11 விழுக்காடு மட்டும். துக்கம் என்பது நடந்ததை நினைத்து மட்டும் வருவதில்லை, நாளங்களில் ஓடுவதிலிருந்தும் வரும் என்று மருத்துவர்கள் கண்முன்னே கண்டார்கள்.

இனி முதுமை. 2000-ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோனியாவில் க்ளாடியோ ஃபிரான்செஸ்கி ஒரு கருத்தை முன்வைத்தார்: வயதாக ஆக உடம்பில் மெல்லிய அழற்சி ஒன்று ஓயாமல் கனன்றுகொண்டே இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலுக்கடியில் கங்கு கிடப்பதுபோல. 2005-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் கோட்பௌட், ராட்னி ஜான்சன் குழு இதைச் சுண்டெலிகளில் சோதித்தது. ஒரு கூண்டில் 3 முதல் 6 மாத இளம் சுண்டெலிகள், இன்னொன்றில் 20 முதல் 24 மாதக் கிழங்கள். சுண்டெலிக் கணக்கில் அவை தாத்தா பாட்டிகள். இரண்டுக்கும் ஒரே அளவு எண்டோடாக்சின். இரண்டும் சுருண்டன. ஒரு நாள் கழிந்ததும் இளசுகள் புதிதாக விட்ட குஞ்சை மோப்பம் பிடிக்கப் பழையபடி போய்விட்டன. கிழங்கள் இன்னும் மூலையில் கிடந்தன. அவற்றின் மூளையில் இன்டர்லூகின்-1-உம் இன்டர்லூகின்-6-உம் இளசுகளைவிட அதிகமாக ஏறியிருந்தன. மூன்று ஆண்டு கழித்து நடந்த தொடர் ஆய்வில், 72 மணி நேரம் ஆகியும் வயதானவற்றிடம் மனச்சோர்வு போன்ற நடத்தை தெரிந்தது. காய்ச்சல் போய்விட்டது, ஓலை போகவில்லை.

காரணம் மூளைக்குள் இருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள். 1919-இல் மாட்ரிட்டில் பியோ தெல் ரியோ ஒர்தேகா அடையாளம் காட்டியவை. இளமையில் இவை கிளைவிரித்து மெல்ல மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். முதுமையில் தடியை ஓங்கியபடியே நிற்கும். வெளியே சின்னச் சத்தம் கேட்டாலும் பெரிய ஆர்ப்பாட்டம் செய்யும், அடங்கவும் தாமதிக்கும். கொலராடோவில் ரூத் பாரியெண்டோஸ் 24 மாத எலிகளுக்கு ஈ.கோலை தொற்றைக் கொடுத்தபோது, அவற்றின் நினைவாற்றல் தடுமாறியது. இளம் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயிற்று அறுவைக்குப் பிறகும் இதே கதைதான். இன்டர்லூகின்-1-இன் கதவை அடைக்கும் தடுப்பானை முன்கூட்டியே மூளைத் திரவத்தில் செலுத்தினால் அந்தத் தடுமாற்றம் வரவில்லை.

நினைவை மட்டுமல்ல, பயத்தையும் இந்த ஓலை தொடுகிறதா? எலியின் பதற்றத்தை அளக்க 1980-களில் புகழ்பெற்ற ஒரு கருவி உண்டு: தரையிலிருந்து உயர்த்தி வைத்த கூட்டல்குறி. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பதற்றமுள்ள எலி சுவருள்ள கையிலேயே பதுங்கும். துணிந்தது திறந்த கையின் ஓரம்வரை வந்து மூக்கை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கும். வயதானவற்றை இதில் அளப்பது எளிதல்ல. கிழட்டு எலி குறைவாகவே நடக்கும். அது பயமா, முட்டிவலியா என்று எலி சொல்லாது. அவசர முடிவுகளை இந்தத் துறையில் நான் நம்புவதில்லை.

ஆனால் சைட்டோகைன் நேரே பதற்றத்தின் கம்பியைத் தொடுகிறது என்பதற்கு வேறு பக்கத்திலிருந்து சான்று வந்தது. 2020-இல் ஜொனதன் கிப்னிஸ் குழு, மூளையைப் போர்த்தியுள்ள உறையில் வாழும் டி-செல் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை இன்டர்லூகின்-17ஏ என்ற தூதை அனுப்பிப் பதற்றத்தை ஏற்றி இறக்குவதைச் சுண்டெலியில் காட்டியது. அந்தத் தூது இல்லாத சுண்டெலிகள் திறந்த கையில் அதிகம் உலாவின. 2025-இல் க்ளோரியா சோய், ஜுன் ஹு குழுக்கள், மூளையின் அமிக்டலாவில் இன்டர்லூகின்-17 பதற்றத்தைக் கூட்டுவதையும் இன்டர்லூகின்-10 தணிப்பதையும் கண்டன. நோயெதிர்ப்பு மொழியிலேயே பயப்படு என்பதற்கும் ஒரு சொல், பயப்படாதே என்பதற்கும் ஒரு சொல்.

இந்தத் தூது எத்தனை பழையது தெரியுமா? 302 நரம்பு செல்கள் மட்டுமே உள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவிலும் இன்டர்லூகின்-17 உண்டு. அதற்கு வெள்ளையணுப் படையே கிடையாது. பிறகு எதற்கு அது? ஆக்சிஜன் மிகுந்த, ஆபத்தான இடத்திலிருந்து விலகி ஓட. கேம்பிரிட்ஜில் மாரியோ தெ போனோ குழு 2017-இல் இதை வெளியிட்டது. நரம்போடு பேசுவது சைட்டோகைனுக்குப் புதிதாக வந்த பழக்கமல்ல, பரம்பரைத் தொழில்.

இன்னொரு எதிர்பாராத முடிச்சு. 1864-இல் பிரான்சில் பால் பெர் இரண்டு எலிகளின் தோலைச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றொன்றில் ஓடச் செய்தார். இந்தப் பழைய உத்தியை 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் சால் வில்லேடா, டோனி விஸ்-கோரே குழு எடுத்துக்கொண்டு, ஒரு கிழச் சுண்டெலியை இளசோடு இணைத்தது. இளசின் மூளையில் புது நரம்பு செல் பிறப்பது குறைந்தது. கிழட்டு இரத்தத்தில் மிகுந்திருந்த பொருள்களில் ஒன்று இயோடாக்சின். அது புது ஆள் அல்ல, 1994-இல் ஒவ்வாமை கண்ட நுரையீரலில் கண்டுபிடித்த ஆஸ்துமாக்காரர்களின் பழைய நண்பர். இழுப்புக்காக அறிந்திருந்த மூலக்கூறு, மறதிக்கும் கையெழுத்துப் போட்டிருந்தது.

இதெல்லாம் கூண்டுக்குள் நடந்தது. வீட்டுக்குள் வேறு விதமாக நடக்கும். எண்பது வயதுப் பாட்டி நேற்றுவரை பேரனுக்குக் கதை சொன்னவர். இன்று ஜன்னலருகில் யாரோ நிற்கிறார்கள் என்கிறார். மகனை அடையாளம் தெரியவில்லை. இரவெல்லாம் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருக்கிறார். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. வயதானவர்களுக்கு நோய்த்தொற்றில் காய்ச்சல் ஏறாமலே போவது உண்டு. வீட்டில் ஒருவர் மனநோய் என்பார், இன்னொருவர் காத்துக்கருப்பு என்பார். அனுபவமுள்ள மருத்துவர் கேட்பவற்றில் ஒன்று சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இருந்து மருந்து சரியாக விழுந்தால், சில நாளில் பயம் மெல்ல வடியும். சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். ஒரு காலையில் பாட்டி எழுந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று மருமகளைக் கூப்பிடுவார்.